வடக்கே போனவனின் பெயர்

இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் செத்தவன்மேல்தான் பிரியம். எலியாசருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. போர் முடிந்ததிலிருந்து வேல்ஸில் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் ஒரு கல்லை நட்டு, கொடியைப் போர்த்தி, பாண்டு வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்லில் பேர் உள்ளவன் உயிரோடு இருந்தபோது அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று எட்டிப் பார்க்காதவனெல்லாம் கறுப்புத் தொப்பியோடு முதல் வரிசையில் நிற்கிறான். மைதானத்திலும் அதே லட்சணம்தான். முன்பெல்லாம் வாசலில் எலியாசர் உட்கார்ந்திருந்தால் ஜனம் தானாகக் காசை நீட்டும். இப்போது பிள்ளைகுட்டி பெற்ற ஆண்பிள்ளைகளே வேலிக்கு அடியில் நுழைந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "என்ன கேட் எல்லி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நன்ட்வென் ஊரில் ஆளுக்கு ஆள் டேவிஸ், எவன்ஸ் என்றே இருப்பதால் வேலையை வைத்துத்தான் ஒருவனை அடையாளம் சொல்வார்கள். சுரங்கத்தில் பாதி ஆயுளைப் போட்டு, நெஞ்சு முழுக்கக் கரித்தூளை நிரப்பிக்கொண்டு மேலே வந்த எலியாசருக்கு ரக்பி மைதானத்தின் வாசலைக் காக்கும் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் கேட் எல்லி. கமிட்டியிலும் ஓர் இடம் உண்டு. படிப்பு என்று பார்த்தால் வேதத்தில் நாலு வசனம் தடவித் தடவி வாசிப்பார். இங்கிலீஷ் அவருக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து மாடு மாதிரி. பார்த்தால் தெரியும், பழக்கம் இல்லை. அதனால்தானோ என்னவோ, காகிதம் வைத்துக்கொண்டு பேசுகிற யாரையும் அவர் நம்புவதில்லை.

அவருடைய தங்கை லேயாவின் மகன்தான் கோமர் பிரதெரோ. வேல்ஸ் நாட்டுக்காக ரக்பி ஆடிய ஒரே நன்ட்வென்காரன். அவனுக்கு முன்னாலும் ஒருத்தன் இல்லை, பின்னாலும் இல்லை.

கோமரின் அப்பன் சுரங்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பையனைப் பதின்மூன்று வயதில் கையைப் பிடித்து இருட்டுக்குள் கூட்டிப்போனது தாய்மாமன் எலியாசர்தான். குனிந்து குனிந்து கரி வெட்டிய முதுகு, பாறை மாதிரி அகன்றது. ஸ்க்ரம் என்று எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னி முட்டித் தள்ளுவார்களே, அதில் முன்வரிசையில் அவன் தலையைக் கொடுத்தால் எதிர்வரிசை முனகுவது வாசல் வரைக்கும் கேட்கும். ஆனால் வெளியே வந்தால் பூனை. தேவாலயத்தில் பின்பெஞ்சில்தான் உட்காருவான்; முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற பொம்பளைகளுக்குப் பிரசங்கியார் தெரியமாட்டாராம்.

அயர்லாந்தோடு அவன் ஆடிய வருஷம், நாட்டுக்கு ஆடினவனுக்குக் கொடுக்கும் வெல்வெட் தொப்பியோடு அவன் ரயிலை விட்டு இறங்கியபோது, ஊரே ஸ்டேஷனில் திரண்டு கிடந்தது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். லேயா அந்தத் தொப்பியை வாங்கி, குஞ்சலத்தைத் தடவிப் பார்த்து, "மழையில போட முடியாது, வெயிலுக்கும் ஆகாது. எதுக்குடா இது?" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த வருஷம் கம்பெனிக்காரன் சுரங்கத்தை இழுத்துப் பூட்டினான். மாதக்கணக்கில் பூட்டினான். தேவாலயத்துக் கஞ்சிக்கு லேயா பாத்திரத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அந்தச் சமயத்தில்தான் வடக்கே இங்கிலாந்திலிருந்து ஒருத்தன் வந்து அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்தான். வடக்கே ஆடுவது வேறே ரக்பி. பதின்மூன்று பேர் ஆடுவது. ஆடுகிறவனுக்குக் கூலி உண்டு. இங்கே கூலி வாங்கினால் மகாபாவம். ஒருமுறை வாங்கினவன் ஜென்மத்துக்கும் விலக்கு. இந்த மாதிரி ஆள்பிடிக்க வருகிறவனை எங்கள் பள்ளத்தாக்கில் கண்டால் ஆற்றில் தூக்கிப் போடுவது வழக்கம். அவனைப் போடுவதற்குள் கோமர் விடியற்காலை பால் ஏற்றிப்போகும் ரயிலில் ஏறிவிட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதுக்கடைப் பின்னறையில் மாட்டியிருந்த அணிப் படத்தில் கோமரின் முகத்தின்மேல் கறுப்புக் காகிதத்தை ஒட்டினார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். வடக்கே போனவன் மைதானத்துக்குள் காலை வைக்கக்கூடாது என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் கரிக்கழிவு மேட்டில் ஏறி நின்று, காசில்லாத சின்னப் பிள்ளைகளோடு ஆட்டத்தைப் பார்த்தான். எலியாசர் அன்றைக்கு வாசலை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறிப் போய் மருமகன் பக்கத்தில் நின்றார். கீழே கூட்டம் கூட்டமாக ஓசியில் நுழைந்தது. "மாமா, உங்க வேலை போயிடும்" என்றான் கோமர். "போனா மயிராச்சு. ஆட்டத்தைப் பாருடா" என்றார் அவர். கமிட்டி அவரைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது. அவர் கொஞ்சமும் அசரவில்லை.

பிறகு போர் வந்தது. கோமர் வடக்கிலிருந்து திரும்பி வந்து நம் ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தான். பட்டாளத்து முகாமில் காக்கி போட்டவனுக்கு விலக்கு கிடையாது என்று சொல்லி, துரைமார்களே அவனை அழைத்துத் தங்கள் அணியில் ஆடவைத்தார்கள் என்று கேள்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் ஜூலையில் பிரான்சில் ஒரு காட்டுக்குள் போனான். காட்டுக்குள் போனவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. கோமர் அந்தப் பாதியில் சேர்ந்துவிட்டான். புதைத்த இடம்கூடத் தெரியாது.

இருபத்திரண்டாம் வருஷம் மைதான வாசலில் இரண்டு கல்தூண் எழுப்பி, போரில் செத்த ஆட்டக்காரர்கள் பேரைப் பொறிப்பது என்று முடிவானது. திறந்துவைக்கக் கார்டிஃபிலிருந்து ரக்பி சங்கத்துப் பெரிய மனுஷர் ஒருவர் வருகிறார், மேஜர் ட்ரெஹார்ன் என்று பேர். செய்தி கேட்ட அன்றே லேயா அண்ணனிடம் வந்தாள். வாழ்நாளில் அவள் அவரிடம் எதையும் கேட்டவள் இல்லை.

"அண்ணே, அவனுக்குக் குழி கிடையாது. கும்பிடவும் ஒரு இடம் கிடையாது. அந்தக் கல்லுல பேரைப் போடச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"போடாம எங்க போவானுங்க? நான் பாத்துக்கிறேன்" என்றார் எலியாசர்.

கமிட்டி கூடியது மதுக்கடைப் பின்னறையில், அந்தப் படத்துக்குக் கீழேயேதான். செயலாளர் மத்தயாஸ் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. மை மத்தயாஸ் என்பார்கள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பயந்தவன். சங்கத்து விதிப் புத்தகத்தைப் பிரித்து இங்கிலீஷில் வாசித்து, பிறகு எல்லோருக்கும் புரிகிறபடி சொன்னார். கூலி வாங்கினவன் நம்மவன் இல்லை; அவனைச் சேர்த்துக்கொள்கிற கிளப்புக்கும் அதே கதி; பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கிளப்பை இப்படித்தான் ஒரு வருஷம் முடக்கிப் போட்டார்கள்.

"அது உசுரோட இருக்கிறவனைச் சேத்துக்கிட்டதுக்குய்யா" என்றான் கசாப்புக்கடை ஜோப். "செத்தவன்கிட்டேர்ந்து எப்படித் தொத்தும்? நான் தினம் செத்ததைத்தான் வெட்டுறேன், எனக்கு ஒண்ணும் தொத்தலையே."

சிரித்தார்கள். மத்தயாஸ் சிரிக்கவில்லை. சங்கத்து ஆள் கண்ணெதிரிலேயே அந்தப் பேரை நீட்டி, அவர் முகம் சுளித்துவிட்டால், நாளைக்கு நம் பையன்கள் எங்கே போய் ஆடுவார்கள் என்று கேட்டார்.  சங்கத்துக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்கலாமே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டால் கூடாது என்று வந்துவிடுமோ என்ற பயம். எங்கள் ஊர்க்காரன் புத்தி அப்படி. அடிக்கிறவன் கையை ஓங்குவதற்குள் தானே கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

எலியாசர் எழுந்து நின்றார். வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வருகிற பேச்சு இங்கே வரவில்லை. நெஞ்சில் கரித்தூள் அடைத்தது. இருமி முடிப்பதற்குள் மத்தயாஸே ஒரு வழி சொன்னார். பேர் இருக்கட்டும். கடைசி வரியில், தரையை ஒட்டி. பக்கத்தில், நாட்டுக்கு ஆடினவன் என்று காட்டுகிற மாதிரி, வேல்ஸ் என்று போட வேண்டாம். திறப்பு விழா அன்று ஒரே ஒரு நாள், அந்த வரிக்கு முன்னால் ஒரு மலர் வளையம் சாய்ந்திருக்கும். மேஜர் ரயில் ஏறினதும் எடுத்துவிட்டால் போயிற்று. பேருக்குப் பேரும் ஆச்சு, கிளப்புக்கும் பழுதில்லை.

"வளையத்தை நீங்களே வெச்சிடுங்க, எல்லி அண்ணே. வாசல் உங்க பொறுப்பு. வேற ஆள் வெச்சா கண்ணை உறுத்தும்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தன. எலியாசரின் கையும் உயர்ந்தது. ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை என்றுதான் அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது. வெளியே வந்து குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகு அப்படிப் படவில்லை.

லேயாவிடம், பேர் உண்டு என்றார்.

"எந்த இடத்துல?"

"கடைசியில. நீ குனிஞ்சு தொடலாம்."

"நல்லதுதான். எப்பவும் பின்பெஞ்சு ஆசாமி" என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரித்து வெகுகாலம் ஆனவள். வளையத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் போனால் அவள் கறுப்பு உடுப்பை வெந்நீர் ஆவியில் காட்டிச் சுருக்கம் நீவிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் போனால் தெருப் பெண்களையெல்லாம் விழாவுக்குக் கூப்பிட்டு முடித்திருந்தாள். பிறகு போனால் தோசைக்கல்லைப் போல ஒரு கல்லில் திராட்சை போட்ட ரொட்டி சுட்டு அடுக்கிக்கொண்டு, "விழா முடிஞ்சு எல்லாரும் டீக்கு இங்க வருவாங்க. நீயும் மத்தயாஸ் ஐயாவைக் கூட்டிட்டு வா. அவராலதானே ஆச்சு" என்றாள். எலியாசர் சூடான ரொட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.  கரித்தூள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து துப்பினார்.

விழா சனிக்கிழமை. காலையிலேயே தூறல். யாரும் வருவதற்கு முன்னால் எலியாசர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு பேர் வெட்டிய தூணுக்கு முன்னால் மண்டியிட்டார். முழங்கால் ஈரத்தில் பதிந்தது. கல்தச்சன் நன்றாகத்தான் வெட்டியிருந்தான். வாசிப்பு தட்டுத்தடுமாறினாலும் அந்தப் பேரின் எழுத்து அவருக்குத் தெரியும். அயர்லாந்து ஆட்டத்துக்குப் பிறகு பேப்பரில் வந்ததைக் கத்தரித்து, சுவரில் ஒட்டி, தினம் சவரம் பண்ணும்போது பார்த்த எழுத்து. விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அதன்மேல் வளையத்தைச் சாய்த்தார். காற்றுக்கு நகராமல் இருக்க அடியில் ஒரு கல்லையும் முட்டுக்கொடுத்தார். அந்தக் கல்லை வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் வைத்தார்.

மேஜர் ட்ரெஹார்ன் உயரமான ஆள். சட்டையின் இடது கை வெறுமையாக மடித்துக் குத்தியிருந்தது. பாடகர்கள் பாடினார்கள். கொடியை இழுத்தார்கள். மத்தயாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு பேர்களை வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஏதோ ஒரு வீட்டுக்காரர்கள் லேசாக அசைந்தார்கள். லேயா முன்னால் நின்றிருந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டு. கடைசிக்கு முந்தின பேரை வாசித்து மத்தயாஸ் காகிதத்தை மடித்தார். பாண்டுக்குச் சைகை காட்டினார்.

லேயா கோத்த கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு பேர் வரும் என்று நின்றாள். பாண்டு ஆரம்பித்துப் பாதி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தூணைப் பார்த்தாள். மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். பிறகு நடந்து போனாள். வளையத்தைத் தூக்கப் பார்த்தாள், முட்டுக்கல்லால் வரவில்லை. குனிந்து கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வளையத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். பாண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"ஒரு பேர் விட்டுப்போச்சுங்க ஐயா" என்றாள் மத்தயாஸைப் பார்த்து.

மேஜர் குனிந்தார். வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். இங்கிலீஷில் என்னவோ வேகமாகக் கேட்டார். கோமர், கோமர் என்று இரண்டு தரம் வந்தது. பிரசங்கியார்தான் லேயாவுக்கு எடுத்துச் சொன்னார். பட்டாளத்து முகாமில் இவர் கோமரோடு ஒரே அணியில் ஆடியவராம். முன்வரிசையில் அவன், அவன் முதுகுக்குப் பின்னால் இவர். அப்படி ஒரு முதுகை அதற்குப் பிறகு பார்க்கவில்லையாம். பேர் எங்கே என்று வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தாராம். இந்தப் பேரை ஏன் மூடி வைத்தீர்கள் என்று கேட்கிறாராம்.

மத்தயாஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஆனால் குமாஸ்தா அல்லவா, பதில் வந்துவிட்டது. இங்கிலீஷில் மேஜரிடம் சொன்னார். பிறகு ஊருக்கும் கேட்கட்டும் என்று நம் வேல்ஸ் பாஷையிலும் சொன்னார்: "கேட் எல்லி வெச்சது. பாவம், வயசானவர். படிக்கத் தெரியாது. தெரியாம மேல சாத்திட்டார்."

எல்லோரும் எலியாசரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாக யாரும் பார்க்கவில்லை. ஐயோ பாவம் என்கிற பார்வை. லேயாவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அட, அவ்வளவுதானா என்கிற நிம்மதி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பேசாமல் நின்றால் போதும், தப்பித்துவிடலாம். கதவைத் திறந்து வைத்திருக்கிறான் மத்தயாஸ். தற்குறி என்ற ஒரு சொல்லுக்குள் நுழைந்துகொண்டால் சாகிற வரைக்கும் தங்கை அவரைக் குறை சொல்லமாட்டாள்.

"அந்தப் பேரு எனக்குப் படிக்கத் தெரியும்" என்றார் எலியாசர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாண்டு நின்றிருந்தது.

"தெரிஞ்சுதான் வெச்சேன். கமிட்டியில கையும் தூக்கினேன். முட்டுக்கல்லு வெச்சதும் நான்தான்."

லேயாவின் முகத்தில் வந்த நிம்மதி வந்த வழியே போயிற்று. எலியாசர் தலையைக் குனிந்துகொண்டார். சுரங்கத்தில் குனிந்தது ஒரு குனிவு. அதில் வெட்கம் கிடையாது.

இவர் என்ன சொல்கிறார் என்று மேஜர் கேட்டார். வருத்தப்படுகிறார் என்று மத்தயாஸ் சொல்லிவைத்தார். மேஜர் ஆதரவாகக் கிழவர் தோளில் தட்டிக்கொடுத்தார். அதையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் சர்க்கரைதான். விலக்கெல்லாம் ஆடுகிற மனுஷனுக்கு, கல்லில் கிடக்கிற பேருக்கு இல்லை, சங்கத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது என்று மேஜர் சொன்னாராம். அதைக் கேட்டதும் ஊருக்கு உயிர் வந்தது. கோமர் மாதிரி உண்டா என்று ஜோப் ஆரம்பித்தான். ரயில் வந்த அன்று முதலில் தோளில் தூக்கினது நான்தான் என்று நாலு பேர் சொன்னார்கள். வேல்ஸ் என்று பக்கத்தில் வெட்டிவிடலாம், கல்தச்சனை வரச் சொல்கிறேன் என்றார் மத்தயாஸ். ஒருத்தன் மதுக்கடைக்கு ஓடிப்போய்ப் படத்திலிருந்த கறுப்புக் காகிதத்தைச் சுரண்டினானாம். பசையோடு முகத்திலும் கொஞ்சம் வந்துவிட்டதாம்.

கூட்டம் லேயா வீட்டுப் பக்கம் நகர்ந்தது. அவள் அண்ணனைக் கடந்து போனாள். நாலடி போய்த் திரும்பி வந்தாள்.

"ரொட்டி நெறைய சுட்டு வெச்சிருக்கேன். வா அண்ணே."

"நீ போ."

"அவங்க சொன்னாங்க, நீ வெச்சே. விடு." அவர் சட்டைக் கையின் நுனியில் ஒட்டியிருந்த ஈர இலையைத் தட்டிவிட்டாள். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு மத்தயாஸ் வந்தார். மழையில் அவர் மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது.

"பாத்தீங்களா எல்லி அண்ணே, நாமதான் வீணா பயந்துட்டோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கோமருக்கும் மரியாதை, கிளப்புக்கும் மரியாதை. நீங்க அந்த மாதிரி முன்வந்து சொல்லியிருக்க வேண்டாம். நான்தான் சமாளிச்சிருந்தேனே."

"அந்த மேஜரு அவன்கூட ஆடாத ஆளா இருந்திருந்தா?" என்று கேட்டார் எலியாசர்.

"ஆடியிருக்காரே."

"ஆடலேன்னா? பேரு கூடாதுன்னு சொல்லியிருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?"

மத்தயாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "அதான் சொல்லலையே அண்ணே. நடக்காததைப் பேசி என்ன ஆவப்போவுது? அவரே சரின்னுட்டாரு. உங்க தங்கச்சியே விடுன்னுட்டாங்க. வாங்க, டீ ஆறிடும்."

  எல்லோரும் இடப்பக்கம் போக, எலியாசர் வலப்பக்கம் திரும்பி ஏற்றத்தில் நடந்தார். பின்னாலிருந்து மத்தயாஸ் இரண்டு தரம் கூப்பிட்டார். "எல்லாம் சரியாயிடுச்சு அண்ணே" என்றார்.

"சரியாவலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இருமிக்கொண்டே நடந்தார்.